கேரவன் டாப்பில் கிளியர் கோட் உரிகிறது: உரிந்த இடத்தில் மட்டும் அடித்தால் போதுமா?

காலாப்பட்டு_கேரவன்:
கேரவனாக மாற்றிய பழைய வேன், சில்வர் மெட்டாலிக். ஈ.சி.ஆர். ஓரம், கடலுக்கு அரை கிலோமீட்டரில் வெயிலிலேயே நிற்கிறது. டாப்பின் முன்பாதியிலும் பானெட்டிலும் கிளியர் கோட் (கலருக்கு மேல் அடிக்கும் நிறமற்ற பூச்சு) பாம்புச் சட்டை மாதிரி உரிகிறது, பக்கவாட்டில் பாதிப்பில்லை. இரண்டும் சேர்த்து சுமார் 7 சதுர மீட்டர். டாப்பின் பின்பாதி ஃபைபர், அது வெளுத்துப்போய் தொட்டால் கையில் மாவு ஒட்டுகிறது. உரிந்த இடத்தை மட்டும் தேய்த்து ஸ்ப்ரே டப்பாவால் கிளியர் அடிக்கலாமா?

ஸ்ப்ரேகன்_அரியாங்குப்பம்:
வேண்டாம் சார். வெயிலின் புற ஊதாக் கதிர் கிளியரைத் தாண்டி இறங்கி, அதற்கும் அடியில் உள்ள கலருக்கும் இருந்த பிடியை ஏற்கெனவே தளர்த்தியிருக்கும். உரியாமல் பளபளவென்று தெரியும் பக்கத்து இடமும் பெரும்பாலும் அதே நிலைதான். பிளேடால் கட்டம் கட்டமாகக் கீறி, மேலே நல்ல டேப்பை அழுத்தி ஒட்டி வெடுக்கென்று இழுத்துப் பாருங்கள். டேப்போடு செதில் வந்தால் அங்கேயும் பிடி போய்விட்டது. அதன் மேல் புதுக் கிளியர் அடித்தால், ஓரம் வளையமாகத் தெரியும்; சீக்கிரமே அந்த ஓரத்திலிருந்து மறுபடி கிளம்பும். அதனால் பானெட் என்றால் முழு பானெட், டாப் என்றால் பீடிங் (ஓரப் பட்டை) வரைக்கும்.

உப்புத்தாளை எடுக்கும் முன், டாப்பில் காற்றுக்காக வைத்த வென்டைச் சுற்றியுள்ள சிலிக்கான் சீலன்ட்டை மொத்தமாக வெட்டி எடுத்துவிட்டு, கிரீஸ் ரிமூவர் போட்டு இரண்டு துணியால் துடையுங்கள், ஒன்று ஈரத்துக்கு, ஒன்று உலர்த்த. சிலிக்கானோடு தேய்த்தால் அது எங்கும் பரவி, பெயின்ட் மீன்கண் மாதிரி குழிகுழியாக ஒதுங்கும். கேரவனில் பெயின்ட் வேலை இதனாலும் கெடும்.

கிளியரை 320 நம்பரில் எடுத்து, 400, 600 என்று போங்கள். துரு தெரிந்தால் தகடு வரை சுரண்டி எபாக்ஸி பிரைமர். பட்டி அதற்கு மேல்தான். மெட்டாலிக் கலரைத் தேய்த்த இடம் கருமையாகத் திட்டு விழும் என்பதால் பேஸ் கோட் (கிளியருக்கு அடியில் வரும் கலர்) கட்டாயம் திரும்ப அடிக்க வேண்டும். சில்வரில் ஒரே கலர் நம்பருக்கே ஷேட் மாறும். அட்டையில் அடித்து, கிளியரும் போட்டு, பக்கவாட்டுக் கதவோடு வெயிலில் வைத்துப் பாருங்கள்.

கிளியர் 2கே (ஹார்டனர் கலந்து இறுக வைக்கும் வகை) பாலியூரித்தேன்தான் வேண்டும். சாதாரண டப்பா கிளியரில் ஹார்டனர் கிடையாது, நம் வெயிலில் சீக்கிரம் மங்கிவிடும். சதுர மீட்டருக்குக் கலந்த கிளியர் சுமார் 200 மில்லி பிடிக்கும். 2க்கு 1 என்று டப்பாவில் போட்டிருந்தால் 1 லிட்டர் கிளியர், 500 மில்லி ஹார்டனர் உங்களுக்குப் போதும். ஸ்ப்ரே கன்னில் 1.3 மி.மீ. நாசில், இரண்டு கோட், இடையில் 10–15 நிமிடம்.

தேவனாம்பட்டினம்_டிங்கர்:
மேலே சொன்னதோடு தண்ணீரையும் கவனியுங்கள். கடலோர போர் தண்ணீரில் உப்பு இருக்கும். அதில் வாட்டர் பேப்பர் தேய்த்து அப்படியே காயவிட்டால், கிளியருக்கு அடியில் மாட்டிய உப்பு ஈரத்தை இழுத்துக் கொப்புளம் கட்டும். கடைசி அலசல் நல்ல தண்ணீரில் இருக்கட்டும்.

ஐப்பசி, கார்த்திகை மழைக்காலம் வேண்டவே வேண்டாம். மாசி, பங்குனி நல்லது. பனி காய்ந்து ஒன்பதரைக்கு ஆரம்பித்து, மத்தியானம் கடல்காற்று மணலைத் தூக்கி வருவதற்குள் முடியுங்கள். சித்திரை வெயிலில் ஃபாஸ்ட் ஹார்டனர் போட்டால் மேல்தோல் முதலில் இறுகி, உள்ளே மாட்டிய தின்னர் ஊசித்துளையாக வெடித்து வெளியே வரும். ஸ்லோ ஹார்டனர் கேட்டு வாங்குங்கள்.

ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. கர்ச்சீப்பும் துணி மாஸ்க்கும் அதைத் தடுக்காது. ஒருமுறை நுரையீரல் ஒவ்வாமை வந்துவிட்டால் பிறகு கொஞ்சம் பட்டாலே மூச்சு முட்டும். வெளிக்காற்றுக் குழாய் வைத்த முகமூடி இல்லாவிட்டால் தேய்ப்பு வேலையை மட்டும் வீட்டில் முடித்து, புதுச்சேரி மேட்டுப்பாளையம் பக்கம் பெயின்ட் பூத் (மூடிய ஸ்ப்ரே அறை) உள்ள பட்டறையில் அடிக்கக் கொடுங்கள். இதில் மிச்சம் பிடிக்கக் கூடாது.

காலாப்பட்டு_கேரவன்:
நன்றிங்க. பட்டறையிலேயே கொடுக்கிறேன். ஃபைபர் பாதிக்கும் அதே கிளியர் அடித்துவிடலாமா?

ஸ்ப்ரேகன்_அரியாங்குப்பம்:
மாவு இருக்கும்வரை அதன்மேல் எதுவும் நிற்காது. அது ஜெல் கோட், அதாவது ஃபைபரின் மேல்பூச்சு. 1000 நம்பர் வாட்டர் பேப்பர், பிறகு ரப்பிங் காம்பவுண்ட் போட்டுப் பாருங்கள். பளபளப்பு திரும்பினால் வேக்ஸ் போதும், பெயின்ட் வேண்டாம். நார் தெரிந்தால் ஜெல் கோட் தீர்ந்துவிட்டது: 320இல் தேய்த்து, எபாக்ஸி பிரைமர், மேலே 2கே வெள்ளை. வெள்ளையே வையுங்கள், உள்ளே ஏசிக்கும் சுமை குறையும். வென்டுகளைத் திரும்ப மாட்டும்போது பாலியூரித்தேன் சீலன்ட் போடச் சொல்லுங்கள். புதுக் கிளியர் மேல் ஒரு மாதத்துக்கு வேக்ஸ் கூடாது, நல்ல தண்ணீர் அலசல் மட்டும்.