மறுமொழி: அகழாய்வில் ‘கான்டெக்ஸ்ட்’ – சூழலா, புதைசூழலா, கிடக்கையா?

நண்பர்களுக்கு வணக்கம்.

அகழாய்வில் ஒரு பொருள் எங்கே, எதன் அருகே, எப்படிக் கிடந்தது என்பதையும், அப்படிப் பதிவேட்டில் தனி எண் பெறும் ஒவ்வோர் அலகையும் ஆங்கிலத்தில் ‘கான்டெக்ஸ்ட்’ என்கிறார்கள். அதற்குத் தமிழில் எந்தச் சொல் என்பதே இந்த இழையின் கேள்வி. இதுவரை வந்த பரிந்துரைகள்: சூழல், சூழமைவு, பின்புலம், மண்ணடுக்கு, புதைசூழல். இவற்றுள் எதுவும் எனக்கு நிறைவு தரவில்லை. ‘கிடக்கை’ என்று வைத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து. காரணங்களைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். நேரம் இல்லாதவர்கள் கேரோஸ் தீவைப் பற்றிய பகுதியை மட்டுமாவது படித்துவிட்டு எதிர்க்கலாம்.

> ‘சூழல்’ என்று எல்லாருக்கும் தெரிந்த சொல் இருக்கும்போது புதுச்சொல் எதற்கு?

எல்லாருக்கும் தெரிந்திருப்பதுதான் சிக்கல். மகரந்தம், விதை, விலங்கெலும்பு ஆகியவற்றைக் கொண்டு பழங்காலக் காட்டையும் மழையையும் ஆராய்வது தொல்லியலில் தனிக் கிளை. அங்கே ‘சூழல்’ ஏற்கெனவே வேலையில் இருக்கிறது. ‘தானியங்கள் கிடைத்த சூழல் ஈரமானது’ என்று ஒருவர் எழுதினால் ஈரம் அந்தக் குழியிலா, அந்தக் காலத்துப் பருவநிலையிலா? சூழமைவை மொழியியலார் எடுத்துக்கொண்டுவிட்டார்கள். பின்புலம் எதையும் சொல்லாமல் எல்லாவற்றையும் சொல்லும் சொல். மேடைப் பேச்சுக்கு ஆகும், அகழாய்வுப் பதிவேட்டுக்கு ஆகாது.

மண்ணடுக்கு உண்மையிலேயே நெருங்கி வருகிறது. ஆனால் அது ஒரு வகை மட்டுமே. எது முந்தியது, எது பிந்தியது என்று வரிசைப்படுத்திக் காட்ட, தொல்லியலாளர் எட்வர்ட் ஹாரிஸ் 1973இல் வகுத்த அட்டவணை முறையைப் பின்பற்றுவோர் ஒரு குழியைக் கண்டால் அதற்கு இரண்டு எண் கொடுப்பார்கள். குழியை நிரப்பிய மண்ணுக்கு ஒன்று, குழியை வெட்டிய செயலுக்கு இன்னொன்று. இரண்டாவதில் மண்ணே கிடையாது. யாரோ ஒருவர் வெட்டியதன் விளிம்பு மட்டும் இருக்கிறது. அதுவும் ‘கான்டெக்ஸ்ட்’தான். இத்தாலியின் பொம்பெயி நகரில் கி.பி. 79இல் எரிமலைச் சாம்பலுக்குள் சிக்கிய உடல்கள் மட்கிப்போய், இறுகிய சாம்பலில் வெறும் பொள்ளல்கள் எஞ்சின. 1863இல் ஜுசெப்பே ஃபியொரெல்லி அந்தப் பொள்ளல்களுக்குள் பாரிஸ் சாந்தை ஊற்றி, மனிதர்கள் விழுந்த கோலத்தையே வார்த்தெடுத்தார். வெற்றிடத்தை மண்ணடுக்கு என்று எப்படி அழைப்பது? 1991இல் ஆல்ப்ஸ் மலையில் பனிக்கட்டிக்குள்ளிருந்து வெளிப்பட்ட ஊட்ஸி என்ற பழங்கால மனிதனின் உடலுக்கும், கிரேக்கத்தின் ஆன்டிகித்தேரா தீவருகே கடலடியில் மூழ்கிக் கிடந்த பழங்காலக் கப்பலுக்கும் மண் என்ற முன்னொட்டு பொருந்தாது.

> புதைசூழல் என்றால் படித்தவுடன் புரிகிறதே.

புரிகிறது, புரிவதற்கு முன்பே தீர்ப்பும் சொல்லிவிடுகிறது. துருக்கியின் கோபெக்லி தெபேயை எடுத்துக்கொள்ளுங்கள். ஏறத்தாழ பதினோராயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட, டி வடிவத் தூண்கள் நிற்கும் வட்டக் கட்டடங்கள். அங்கே 1995 முதல் அகழ்ந்த கிளாவுஸ் ஷ்மிட், அவற்றைக் கட்டியவர்களே பிற்பாடு வேண்டுமென்று மண்ணும் கல்லும் இட்டு மூடிவிட்டார்கள் என்று கருதினார். கோயிலை அடக்கம் செய்தார்கள் என்ற அந்தக் காட்சி உலகம் முழுக்கப் பரவிவிட்டது. பின்னர் அங்கே பணியாற்றிய ஆய்வாளர்கள், மேட்டுச் சரிவிலிருந்து சரிந்து வந்த இடிபாடுகளே பெரும்பகுதியை நிரப்பியிருக்க வேண்டும் என்று வாதிடுகிறார்கள். புதைத்தார்களா, புதைந்ததா என்பதே வழக்காக இருக்கும் இடத்தில் ‘புதைசூழல்’ என்று பதிவேட்டில் எழுதினால், பெரும்பாலான வாசகர்கள் இடுகாட்டையோ மறைத்துவைத்த புதையலையோதான் நினைப்பார்கள்.

இனிக் கிடக்கைக்கு வருகிறேன். பழைய நூல்களில் படுத்தல், படுக்கை, பரப்பு என்ற பொருள்களில் வரும் சொல். இன்றைய எழுத்தில் இரண்டு இடங்களில் உயிரோடு இருக்கிறது: நிலவியலில் ‘நிலக்கிடக்கை’, பொதுவழக்கில் ‘உள்ளக்கிடக்கை’. நிலம் எப்படி அமைந்து கிடக்கிறது என்பது முதலாவது. வெளியே தெரியாமல் உள்ளே இருந்துகொண்டு ஒருவரின் செயலுக்குப் பொருள் தருவது இரண்டாவது. அகழாய்வாளர் கேட்பது இவ்விரண்டையும்தானே?

இதைவிட எனக்குப் பிடித்த காரணம் ஒன்று உண்டு. ‘கிட’ என்ற வினைக்குப் பிறவினை ‘கிடத்து’. தானாகக் கிடந்ததா, ஒருவர் கிடத்தியதா என்று ஒரே வேரிலிருந்து இரண்டு கேள்விகளையும் எழுப்ப முடிகிறது.

கேரோஸ் இதற்குச் சரியான சான்று. ஏஜியன் கடலில், சைக்கிளாடிக் தீவுக் கூட்டத்தில் உள்ள சிறு தீவு அது. கி.மு. மூன்றாம் ஆயிரத்தாண்டைச் சேர்ந்த, கைகளை மடக்கிய பளிங்குச் சிற்றுருவங்களுக்கு இந்தக் கூட்டம் பேர்பெற்றது. இருபதாம் நூற்றாண்டில் கலைச்சந்தையில் அவற்றுக்கு விலை ஏற ஏற, தோண்டித் திருடுவோர் கல்லறைகளை விட்டுவைக்கவில்லை. இன்று அருங்காட்சியகங்களில் உள்ள உருவங்களில் பெரும்பாலானவை எங்கே, எதன் அருகே, எப்படிக் கிடந்தன என்று எவருக்கும் தெரியாது. அழகாக இருக்கின்றன, அவ்வளவுதான். கேரோஸிலும் திருடர்கள் கைவைத்திருந்தார்கள். ஆனால் கொலின் ரென்ஃப்ரூவின் குழு 2006 முதல் 2008 வரை அங்கே அகழ்ந்தபோது, திருடர்கள் தொடாத ஒரு குவியல் அகப்பட்டது. உருவங்களும் பளிங்குக் கலங்களும் மட்பாண்டங்களும் உடைந்த துண்டுகளாகவே கிடந்தன. அத்துண்டுகளில் ஒன்றோடொன்று பொருந்துபவை மிக அரிது. அதாவது அவை அங்கே உடையவில்லை. வேறு இடங்களில் வேண்டுமென்றே உடைத்து, ஒரு துண்டை மட்டும் இந்தத் தீவுக்குக் கொண்டுவந்து இட்டிருக்கிறார்கள். மறுதுண்டுகள் என்ன ஆயின என்பது இன்னும் புதிர்.

இந்தச் சடங்கைப் பற்றி எந்த உருவமும் தன் உடம்பில் எழுதிவைத்திருக்கவில்லை. துண்டுகள் கிடந்த விதத்தைத் தவிர வேறு சான்றே இல்லை. அதே துண்டுகளைத் திருடர் எடுத்து, ஒட்டி, மெருகேற்றி விற்றிருந்தால் ‘சிறிது சேதமடைந்த சிலை’ என்று முடிந்திருக்கும்.

எகிப்திலிருந்தும் ஒன்று. 1922இல் ஹோவர்ட் கார்ட்டர் கண்டுபிடித்த துட்டன்காமன் கல்லறையில், தங்க மோதிரங்கள் ஒரு துணியில் முடிச்சிட்டுக் கிடந்தன. நகைப் பேழையில் இருந்திருந்தால் அவை அரசனின் அணிகலன். துணி முடிச்சில் இருந்ததால் பழங்காலத் திருடன் ஒருவன் கட்டியெடுத்து, கொண்டுபோக முடியாமல் போன மூட்டை. மோதிரம் மாறவில்லை, கிடக்கை மாறியது.

கிடக்கை அழிந்தால் என்ன ஆகும் என்பதற்கு நெப்ரா வட்டைவிடத் துயரமான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. சூரியனோ முழுநிலவோ, பிறை, விண்மீன்கள் எனப் பொற்தகடுகள் பதித்த, ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் விட்டமுள்ள வெண்கல வட்டு. 1999இல் ஜெர்மனியின் மிட்டல்பெர்க் குன்றில் உலோகம் காட்டும் கருவியோடு திரிந்த இருவர் உரிமமின்றித் தோண்டி எடுத்து, மறுநாளே விற்றார்கள். 2002இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில், வாங்குபவர்போல் சென்ற தொல்லியல் அதிகாரி ஹரால்ட் மெல்லரின் உதவியோடு காவல்துறை அதை மீட்டது. கூடவே வாள், கோடரி, கைவளை எல்லாம் இருந்ததாகச் சொன்னவர்கள் அந்தத் திருடர்களே. வாள்களையும் ஒரு வாளின் பிடியில் இருந்த பூர்ச்ச மரப்பட்டையையும் கொண்டு அவை கி.மு. 1600 அளவில் இடப்பட்டவை என்று முடிவு செய்தார்கள். வட்டும் அவற்றோடு கிடந்திருந்தால்தான் அதற்கும் அந்தக் காலம். 2020இல் ரூபர்ட் கெப்ஹார்டும் ரூடிகர் கிராவுஸேயும், வட்டு அந்தத் தொகுதியைச் சேர்ந்ததே அல்ல, ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு பிற்பட்டது என்று எழுதினார்கள். மறுத்தவர்கள் ஒட்டியிருந்த மண்ணையும் உலோகக் கலவையையும் சான்றுக்கு அழைத்தார்கள். மறுப்பே எனக்கு வலுவாகப் படுகிறது. ஆனாலும், ஒழுங்காக அகழ்ந்திருந்தால் ஒரே ஒரு புகைப்படத்தில் தீர்ந்திருக்க வேண்டிய வழக்கு இது.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே களைந்துவிடலாம். ஒரு பொருள் யார் யாரிடம் இருந்தது என்ற வரலாற்றையும் சிலர் ‘சூழல்’ என்றே எழுதுகிறார்கள். அதற்கு ‘உடைமைத்தடம்’ என்று தனிச்சொல் வைப்போம். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 1972இல் பத்து லட்சம் டாலருக்கு வாங்கிய, யூஃப்ரோனியோஸ் கலம் எனப்படும் பழங்கிரேக்க மட்கலத்துக்கு உடைமைத்தடம் காகிதத்தில் இருந்தது. அந்தக் காகிதம் நிற்கவில்லை; கலம் 2008இல் இத்தாலிக்குத் திரும்பியது. அது எந்தக் கல்லறையில் எந்த மூலையில் இருந்தது என்ற விவரம் திரும்பவில்லை.

கிடக்கையை ஏற்றால் மற்றவை எளிதாகப் பிறக்கும்: கிடக்கை எண், கிடக்கைத் தாள், பிறகு எதுவும் புகாதிருந்தால் மூடிய கிடக்கை, எலி வளையோ வேரோ புகுந்து குழப்பினால் கலைந்த கிடக்கை. நாளிதழ்கள் ‘கிடைத்தது’ என்று தலைப்பிடுகின்றன. ‘கிடந்தது’ என்ன ஆனது என்று கேட்கவும் நமக்கு ஒரு சொல் வேண்டும்.

அன்புடன்.

*

> கிடக்கையை ஏற்றால் மற்றவை எளிதாகப் பிறக்கும்

ஐயா, வணக்கம். கேரோஸ் பகுதியைப் படித்துவிட்டுத்தான் எதிர்க்கிறேன். கிடத்து, கிட என்ற இணை நன்றாக இருக்கிறது. ஆனால் நீங்கள் காட்டிய கோபெக்லி தெபேயிலேயே தூண்கள் கிடக்கவில்லை, நிற்கின்றன. நிற்கும் சுவருக்கும் தூணுக்கும் கிடக்கை எண் கொடுப்பது விந்தையாக இல்லையா? ‘கிடப்பில் போடுதல்’ வேறு நினைவுக்கு வந்து தொலைக்கிறது. மேலும், ஆன்டிகித்தேராக் கப்பலைப் பெயரளவில் தொட்டுவிட்டுப் போனது ஏன்? அதில் அகப்பட்ட, வானியல் கணக்குக்கான பற்சக்கரக் கருவியின் காலத்தைக் கருவியிலிருந்தே கணிக்க முடியாதா?

*

அம்மா, வணக்கம். கடைசிக் கேள்விக்கு முதலில்: கருவியில் உள்ள எழுத்தமைதியும் வானியல் கணக்கும் ஓரளவு உதவுகின்றன, ஆனால் அவை செய்த காலத்தைத்தான் பேசும். கப்பல் மூழ்கியது கி.மு. முதல் நூற்றாண்டில் என்று உறுதிப்பட உதவியவை கப்பலில் இருந்த சாடிகளும், 1976இல் கூஸ்டோவின் குழு எடுத்த பெர்கமோன், எபேசு நாணயங்களும். 1901இல் கருவியை மேலே கொண்டுவந்தபோது அது துருப்பிடித்த ஒரு கட்டி. மறு ஆண்டுதான் வலேரியோஸ் ஸ்தாயிஸ் அதில் பற்சக்கரம் இருப்பதைக் கவனித்தார். கூடக் கிடந்தவற்றை அன்றைக்கே ஒழுங்காகப் பதிந்திருந்தால் வேலை பாதியாகியிருக்கும்.

நிற்கும் தூணைப் பற்றி: ‘கதவு திறந்து கிடக்கிறது’, ‘வீடு பூட்டிக் கிடக்கிறது’, ‘ஊர் பாழடைந்து கிடக்கிறது’ என்றெல்லாம் சொல்கிறோமே. கதவு படுத்திருக்கவில்லை. யாரும் கைவைக்காமல் ஒரு நிலையில் தொடர்ந்து இருப்பதைத் தமிழில் கிடப்பது என்கிறோம். தூண் பல ஆயிரம் ஆண்டுகளாக நின்றபடியே கிடந்தது. இந்தப் பொருளுக்கு ‘இருப்பு’ வராது. அது பொருளைப் பேசுமே தவிர, தொடப்படாமையைப் பேசாது.

கிடப்பில் போடுதல் குறித்து வாதாட விரும்பவில்லை. அகழ்ந்து முடித்த பின் அறிக்கை எழுதாமல் விட்ட இடங்களுக்கு அதுவும் பொருந்தும்.

*

கதவு என்னைத் தோற்கடித்துவிட்டது. பதிவேட்டுக்கும் ஆய்வுக் கட்டுரைக்கும் கிடக்கை இருக்கட்டும், ஏற்கிறேன். அருங்காட்சியகப் பலகைக்கும் பள்ளிப் பாடத்துக்கும் முதல் தடவை ‘கிடந்த நிலை’ என்று எழுதி, அடுத்த வரியில் கிடக்கையை அறிமுகப்படுத்தலாம். எடுக்காமல் அங்கேயே விட்டுவைத்த பொருளுக்கு ‘கிடந்தபடி’ போதும். குழியை வெட்டிய செயலுக்கு மட்டும் கிடக்கை எனக்கு இன்னும் ஒட்டவில்லை. அங்கே கிடப்பதற்கு ஒன்றுமே இல்லை. அதை ‘வெட்டு’ என்று தனியாகப் பதிந்து, எண்ணை மட்டும் ஒரே வரிசையில் ஓட விடலாமா? ஹாரிஸ் அட்டவணையைத் தமிழில் வரைந்து பார்த்தவர்கள் இருந்தால் எழுதுங்கள்.