எங்கள் முதியோர் குடியிருப்பின் நடுவே ஐந்து மாடி அடுக்ககம்: சாலைக்கும் தண்ணீருக்கும் யாரிடம் முறையிடுவது?

கேள்வி: வேப்பமரத்தடி

உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் இடையில், ராமேசுவரம் செல்லும் தேசிய நெடுஞ்சாலையிலிருந்து பிரிந்து, ரயில்வே கேட்டைக் கடந்து கடலை நோக்கிப் போகும் சாலையில் எங்கள் குடியிருப்பு இருக்கிறது. 2012இல் மனைப்பிரிவு போட்டவர்கள், பணி ஓய்வு பெற்றவர்களுக்கு மட்டுமே என்று சொல்லி விற்றார்கள். மொத்தம் 94 தனி வீடுகள். ஒன்றிரண்டைத் தவிர எல்லாமே தரைத்தளத்தோடு நிற்பவை. மாடிப்படி ஏற முடியாதவர்களும், இனிமேல் ஏற வேண்டாம் என்று முடிவு செய்தவர்களும்தானே இங்கு வந்து சேர்ந்தோம்.

குடியிருப்பின் நடுவில் ஏறத்தாழ 3 ஏக்கர் பனந்தோப்பு ஒன்று விடப்பட்டிருந்தது. அதை மனைப்பிரிவு போட்டவர் இப்போது வேறொரு கட்டுமான நிறுவனத்துக்கு விற்றுவிட்டார். தரைத்தளமும் 5 மாடிகளுமாக நான்கு கட்டடங்கள், மொத்தம் 120 வீடுகள் வருகின்றன என்றும், வாங்குகிறவர்கள் ராமேசுவரம் வரும் யாத்திரிகர்களுக்கு நாள் வாடகைக்கு விட்டுக்கொள்ளலாம் என்றும் விளம்பரம் செய்கிறார்கள். எங்களுக்கு அன்று கொடுத்த வண்ணப் பிரசுரத்தில் அந்த இடம் பச்சை நிறத்தில் இருந்தது. பிரசுரத்தை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

கட்டட வேலை தொடங்கவில்லை. ஆனால் தரையை உயர்த்துவதற்காகச் சவுடு மண் ஏற்றிய டிப்பர் லாரிகள் மூன்று வாரமாக ஓடிக்கொண்டிருக்கின்றன. முதல் லாரி காலை ஐந்தே காலுக்கு வந்துவிடுகிறது. வெயிலுக்கு முன்னால் நடந்து முடிக்க வேண்டும் என்று நாங்கள் வெளியே வரும் நேரமும் அதுவே. சென்ற செவ்வாய்க்கிழமை, லாரிச் சக்கரம் ஏறி உடைந்திருந்த வாய்க்கால் மூடிக் கல்லின் பிளவுக்குள் எதிர்வீட்டு அம்மாவின் வாக்கர் ஒரு காலை விட்டு மாட்டிக்கொண்டது. அவர் விழவில்லை. பின்னால் வந்த லாரிக்காரர் ஹாரனை அழுத்தியபடியே நின்றார். காதுக் கருவியைக் கழற்றி வைத்துவிட்டு வந்திருந்த அம்மாவோ, யார் தள்ளிவிட்டது என்று என்னைக் கேட்டார்.

மறுநாளே சங்கத்தின் சார்பில் நுழைவாயிலில் இரும்புச் சங்கிலி போட்டு, இரவு பத்து மணி முதல் காலை ஏழு மணி வரை பூட்டி வைக்கத் தொடங்கினோம். இது சட்டப்படி செல்லுமா? ஆடி அமாவாசை, தை அமாவாசை நாட்களில் நெடுஞ்சாலையில் வண்டிகள் நகருவதே இல்லை. 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலம் திறந்தபின் ரயில்கள் மறுபடியும் ராமேசுவரம் வரை போகின்றன, கேட்டும் அதற்கேற்ப மூடுகிறது. இவற்றோடு 120 வீட்டு வாகனங்களும் சேர்ந்தால் 108 வண்டி எப்படி உள்ளே வரும் என்பதே எங்கள் முதல் பயம். தண்ணீர் இரண்டாவது பயம். விவரம் தெரிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பதில்: புலப்படம்

ஐயா, நகர் ஊரமைப்பு அலுவலகத்தில் வரைவாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். முதலில் சங்கிலியைக் கழற்றுங்கள். ஒப்புதல் பெற்ற மனைப்பிரிவில் சாலைகளை ஊராட்சிக்குத் தானப்பத்திரம் எழுதிக் கொடுத்த பிறகுதான் மனைகளை விற்க முடியும். அந்தப் பத்திரம் பதிவான நாளிலிருந்து அது பொதுச் சாலை. தெருவிளக்குக் கட்டணத்தை நீங்கள் கட்டினாலும், வாயிலில் வளைவு வைத்துப் பெயர் எழுதினாலும் அது உங்கள் சொந்தச் சாலையாகிவிடாது. உங்கள் எதிர்தரப்பு செய்ய வேண்டிய புகாரை நீங்களே தயாரித்துக் கொடுத்திருக்கிறீர்கள்.

ஆனால் அதே தானப்பத்திரமே உங்களுக்கு ஆயுதமாகவும் ஆகலாம். பெரிய மனைப்பிரிவுகளில், சாலைகள் போக மீதமுள்ள பரப்பு 10,000 சதுர மீட்டருக்கு மேல் இருந்தால் பத்து சதவீதத்தைத் திறந்தவெளி ஒதுக்கீடாக விட்டு, அதையும் ஊராட்சிக்கே எழுதித் தர வேண்டும். எனவே பிரசுரத்தின் பச்சை நிறத்தை நம்பி வாதாடாதீர்கள். பச்சை மை எந்த அலுவலகத்திலும் ஆவணமில்லை. சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று போட்டுத் தானப்பத்திரத்தின் சான்றிட்ட நகலை வாங்குங்கள். ஒப்புதல் பெற்ற மனைப்பிரிவு வரைபடத்தை ஊராட்சியிடமோ மாவட்ட நகர் ஊரமைப்பு அலுவலகத்திடமோ தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி கேளுங்கள். பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டிய ஒரு தாள் போதும், முப்பது நாளுக்குள் பதில் தந்தாக வேண்டும். பனந்தோப்பு அந்த வரைபடத்தில் 'பூங்கா' என்று இருந்தால் விற்றதே செல்லாது. உரிமையாளர் தமக்கென்று ஒதுக்கிக்கொண்டதாக இருந்தால் கட்டுவதற்கு அவருக்கு உரிமை உண்டு. அதன்பின் எவ்வளவு கட்டலாம் என்பது மட்டுமே பேச்சு.

அந்தப் பேச்சில் சாலையின் அகலம்தான் முக்கியம். தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019, பதினெட்டு மீட்டர் முப்பது சென்டிமீட்டர் உயரம் வரை உயரமல்லாத கட்டடம் என்றே கணக்கிடுகின்றன, ஆகவே ஆறு தளம் என்பது கேட்பதற்கு மலைப்பாக இருந்தாலும் அந்த வரம்புக்குள் அடக்கிவிடுவார்கள். ஆனால் எத்தனை வீடு, எவ்வளவு உயரம் என்பதை முன்னே இருக்கும் சாலையின் அகலத்தோடு அந்த விதிகள் கட்டிப்போட்டிருக்கின்றன. தாரின் அகலத்தை அளக்காதீர்கள். ஆவண அகலத்தை, எல்லைக்கல்லுக்கு எல்லைக்கல், மிகக் குறுகிய இடத்தில் அளந்து எழுதி வையுங்கள். பக்கத்தில் ஐ.என்.எஸ். பருந்து கடற்படை விமானதளம் இருக்கிறது. உயரத்துக்குக் கடற்படையின் தடையின்மைச் சான்று பெறப்பட்டிருக்கிறதா என்றும் அதே மனுவில் கேளுங்கள்.

ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தைப் பற்றி யாராவது சொல்லியிருப்பார்கள். ஒப்புதல் பெற்ற திட்டத்தை மாற்ற, வாங்கியவர்களில் மூன்றில் இரண்டு பங்கினரின் எழுத்துபூர்வச் சம்மதம் வேண்டும் என்பது அதன் 14ஆம் பிரிவு. அந்தச் சட்டம் 2016இல் வந்தது; உங்கள் மனைப்பிரிவு அதற்கு முன்பே முடிந்துவிட்டதென்றால் அந்தப் பிரிவு உங்களுக்கு எளிதில் கைகொடுக்காது. ஆனால் புதிய அடுக்ககத்துக்குப் பதிவு கட்டாயம். பதிவு எண் இல்லாமல் விளம்பரம் செய்வதே குற்றம். விளம்பரத் தாளில் எண் இருக்கிறதா என்று பாருங்கள். சுற்றுச்சூழல் அனுமதி 20,000 சதுர மீட்டர் கட்டடப் பரப்புக்கு மேல்தான் தேவைப்படும். 120 வீடுகள் அதை எட்டாது என்பதால் அந்தப் பக்கம் காலத்தைச் செலவழிக்க வேண்டாம். கடல் எவ்வளவு தூரம்? உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டருக்குள் என்றால் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகளும் சேர்ந்துகொள்ளும்.

பதில்: மனைவிலை

எதிர்ப்பதற்கு முன் யோசியுங்கள். அடுக்ககம் வந்தால் மருந்துக்கடையும் ஏ.டி.எம்.மும் வரும், உங்கள் வீட்டின் விலையும் ஏறும்.

பதில்: கரைவலை

மனைவிலை அவர்களே, விற்கப் போகிறவருக்குத்தான் விலை. ஐயா அங்கே சாகும்வரை இருக்க வந்தவர்.

ஐயாவிடமும் ஒன்று சொல்ல வேண்டும், தவறாக எண்ணக் கூடாது. அந்தச் சாலையின் கடைசியில் இருக்கும் நாட்டுப்படகு ஊர் எங்களுடையது. அந்தச் சாலை 2012இல் பிறக்கவில்லை. எங்கள் பாட்டிமார் தலையில் மீன்கூடையோடு ரயிலடிக்கு நடந்த வண்டிப்பாதை அது. பழைய புலப்படத்தில், அதாவது நிலஅளவை வரைபடத்தில், இன்றைக்கும் வண்டிப்பாதை என்றே இருக்கிறது. நீங்கள் வந்தபோது வேலி போட்டீர்கள், வாயில் வைத்தீர்கள், காவலாளியை நிறுத்தினீர்கள். எங்கள் பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலிருந்து சைக்கிளில் திரும்பும்போது எந்த வீட்டுக்குப் போகிறாய் என்று அவர் கேட்பது வழக்கமாகிவிட்டது. இந்த வாரம் சங்கிலியும் போட்டீர்கள். விடியுமுன் ஐஸ் ஏற்றி வரும் எங்கள் மினி லாரி வியாழக்கிழமை முக்கால் மணி நேரம் சங்கிலிக்கு வெளியே நின்றது. ஐஸ் கரைந்த நண்டுக்கு வியாபாரி என்ன விலை வைப்பார் என்பதை இங்கே விளக்கத் தேவையில்லை.

இருந்தாலும் டிப்பர் லாரி உங்களுக்கு மட்டும் ஆபத்தில்லை. கேட்டுக்கு அருகில் இருக்கும் வளைவில் மணல் சரிந்து கிடப்பதால் எதிரே வண்டி வந்தால் ஒதுங்க இடமில்லை. எங்கள் ஊர்ப் பெண் ஒருவர் ஸ்கூட்டியோடு கருவேலம் புதருக்குள் இறங்கியிருக்கிறார். இதை 94 வீடுகளின் புகார் என்று கொடுத்தால் நகரத்து ஓய்வூதியர்களின் முணுமுணுப்பு என்று மடித்து வைத்துவிடுவார்கள். கிராமசபையில் ஊரும் நீங்களும் சேர்ந்து தீர்மானமாகக் கொண்டுவந்தால் பதிவேட்டில் ஏறும். ஆண்டுக்கு ஆறு கிராமசபை நடக்கிறது. நான் பார்த்தவரை உங்கள் குடியிருப்பிலிருந்து சுதந்திர தினத்தன்று கொடியேற்றத்துக்கு வருகிறீர்கள், அன்று நடக்கும் கிராமசபைக்கு உட்காருவதில்லை.

பதில்: கீழக்கரைவாசி

தண்ணீரைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லையே என்று எழுதுகிறேன். நாங்கள் கீழக்கரைக்கு வெளியே, மகன்கள் வளைகுடாவில் இருக்கும் பெற்றோர்கள் சேர்ந்து வீடு கட்டிக்கொண்ட ஒரு சிறிய பகுதியில் இருக்கிறோம். நல்ல தண்ணீர்க் கிணறு இருந்த இடம் அது. பக்கத்து நிலத்தில் தங்கும் விடுதி ஒன்று கட்டினார்கள்; மூன்று ஆழ்துளைக் கிணறுகள் போட்டு இரவும் பகலும் மோட்டார் ஓடியது. முதலில் தேநீரின் ருசி மாறியது. பால் சரியில்லை என்று பால்காரரை மாற்றினேன். பிறகு பருப்பு வேகவில்லை. அதற்கும் பிறகுதான் குளியலறைக் குழாயின் வாயில் வெள்ளையாகப் பொரிந்திருப்பதைக் கண்டு தண்ணீரைச் சோதனைக்குக் கொடுத்தோம்.

நம் கரையில் மணலுக்கடியில் இருக்கும் நல்ல தண்ணீர் ஆற்றுநீரோ ஊற்றுநீரோ கிடையாது. மழை இறங்கி, கடலின் உப்புநீருக்கு மேலே மிதந்து நிற்கிறது. உப்புநீர் கனமானது என்பதால் கடல்மட்டத்துக்கு மேல் ஓர் அடி நல்ல தண்ணீர் நின்றால் கடல்மட்டத்துக்குக் கீழே சுமார் 40 அடி வரை அது உப்பை அழுத்தி வைத்திருக்கும் என்று சோதனைக்கூடத்தில் விளக்கினார்கள். மேலே ஓர் அடியை இறைத்துவிட்டால் கீழேயிருந்து அந்த நாற்பதடியை நோக்கி உப்பு ஏறத் தொடங்கும். ஏறிய உப்பு ஒரு மழைக்காலத்தில் இறங்குவதில்லை. எங்கள் கிணறு இன்னும் திரும்பவில்லை. காவிரிக் குடிநீர் வரும் நாளில் பிடித்து வைக்கிறோம், வராத நாளில் தள்ளுவண்டியில் குடம் வாங்குகிறோம். எழுபது வயதில் குடத்தை இறக்கி வைப்பதற்கு ஆள் தேட வேண்டியிருக்கிறது.

ஆகவே, இன்றே உங்கள் கிணறுகளில் நான்கைந்தின் தண்ணீரை எடுத்துச் சோதித்து, தேதியோடு முடிவை வாங்கி வையுங்கள். கெட்ட பிறகு சோதித்தால், முன்பும் இப்படித்தான் இருந்தது என்று சொல்லிவிடுவார்கள். எங்களிடம் அப்படித்தான் சொன்னார்கள். 120 வீட்டுக் கழிவுநீர் எங்கே போகும் என்பதையும் கேளுங்கள். மணல் நிலத்தில் கழிவுநீர்க் குழிக்கும் கிணற்றுக்கும் நடுவே தடுப்பு ஏதுமில்லை.

கேள்வி கேட்டவர்: வேப்பமரத்தடி

அனைவருக்கும் நன்றி. பத்து நாட்களாக எழுத முடியாததற்குக் காரணம் அலைச்சல்தான்.

புலப்படம் ஐயா சொன்னபடி தானப்பத்திர நகலை வாங்கிவிட்டோம். சாலை ஊராட்சிக்குத்தான் சொந்தம். சங்கிலியை அன்றே கழற்றிவிட்டோம். பனந்தோப்பு ஒரே நிலமில்லை, இரண்டு உட்பிரிவு. கிழக்குப் பாதி பூங்காவாக ஊராட்சிக்கு எழுதப்பட்டிருக்கிறது, மேற்குப் பாதி மட்டுமே உரிமையாளர் தமக்கென்று வைத்துக்கொண்டது. ஆனால் நிறுவனத்தார் நட்டிருக்கும் கல்தூண்கள் கிழக்கு எல்லைவரை நிற்கின்றன, கொட்டிய சவுடு மண்ணில் பாதி பூங்காவுக்குள் கிடக்கிறது. நிலஅளவை செய்து எல்லை காட்டக் கோரி விண்ணப்பித்துவிட்டோம். திங்கட்கிழமைக் குறைதீர்க்கும் நாளில் கொடுப்பதற்கான மனுவும் தயாராகிறது. விளம்பரத் தாளில் பதிவு எண் இல்லை. அதை மனுவோடு இணைத்திருக்கிறோம். கடல் 700 மீட்டருக்கு மேல் இருப்பதால் கடலோர விதிகளைத் தொடவில்லை.

சாலையை நானும் பக்கத்து வீட்டு நண்பரும் நாடாப் பிடித்து அளந்தோம். வாயிலிலிருந்து வளைவுவரை 30 அடி, வளைவுக்கு அப்பால் 23 அடி. வளைவில் நண்பர் ஊன்றுகோலை விட்டுவிட்டு நாடாவின் நுனியைப் பிடிக்கக் குனிந்தபோது, சைக்கிளில் வந்த இரண்டு பையன்கள் இறங்கி ஆளுக்கொரு முனையை வாங்கிக்கொண்டார்கள். கரைவலை தம்பியின் ஊர்ப் பிள்ளைகள்தாம் என்று பிறகு தெரிந்தது. காவலாளி இனி யாரையும் நிறுத்தக் கூடாது என்று சங்கத்தில் தீர்மானம் போட்டோம். இரண்டு பேர் ஒப்பவில்லை, அவர்கள் பெயரையும் குறிப்பேட்டில் எழுதியிருக்கிறோம். தம்பி, ஐஸ் கரைந்ததற்கு என்ன செய்ய வேண்டும் என்று நேரில் வந்து பேசுகிறோம்.

ஐந்து கிணற்றுத் தண்ணீரைச் சோதனைக்குக் கொடுத்ததில் முடிவு வர வேண்டியது மூன்று. வந்த இரண்டில், பனந்தோப்பை ஒட்டிய என் வீட்டுக் கிணறு மட்டும் நல்ல தண்ணீர். மனுவின் வரைவை நாளை இங்கே இடுகிறேன். புலப்படம் ஐயா பிழை திருத்தித் தர வேண்டும்.