அன்றாடத் தேவைகளில் கர்த்தர் நடத்திய விதம்: உங்கள் சாட்சியைப் பகிருங்கள்

திராட்சைக்கொடி:

கர்த்தருக்கு ஸ்தோத்திரம். பெரிய அற்புதங்களைப் பற்றிய சாட்சிகளை நிறையக் கேட்டிருக்கிறோம். வாடகை, பள்ளிக் கட்டணம் போன்றவற்றில் கர்த்தர் நடத்தியதை யாரும் அதிகம் சொல்வதில்லை. நானே தொடங்குகிறேன்.

என் கணவருக்கு வேலை போன சமயம். கையில் இருந்த சேமிப்பு கரைந்துகொண்டே வந்தது. அப்போது என் ஜெபமெல்லாம் ஒன்றுதான்: "ஆண்டவரே, மொத்தமாக ஒரு வழியைத் திறந்துவிடும்." அப்படி எதுவும் திறக்கவில்லை. வந்ததெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான். திடீரென்று தையல் வேலை வந்தது. எப்போதோ கொடுத்து மறந்த கடன் திரும்பி வந்தது. ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்ததும் சபையில் ஒரு அம்மா என் கையைப் பிடித்து, மடித்த கவர் ஒன்றை உள்ளங்கையில் வைத்து அழுத்தினார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் போய்விட்டார்கள். அந்த வாரத்துக்கு அது சரியாக இருந்தது. அடுத்த வாரத்துக்கு ஒன்றும் மிஞ்சவில்லை.

யாத்திராகமம் 16-ஆம் அதிகாரத்தை அந்த நாட்களில் திரும்பத் திரும்ப வாசித்தேன். வனாந்தரத்தில் இஸ்ரவேல் ஜனங்களுக்குத் தேவன் வானத்திலிருந்து தந்த ஆகாரம்தான் மன்னா. நாளுக்கு ஆளுக்கு ஒரு ஓமர், அது அந்தக் காலத்து அளவு. மறுநாளுக்கு மீத்துவைத்தது பூச்சிபிடித்து நாறியது. மறுநாள் ஓய்வுநாள் என்பதால் ஆறாம் நாளில் மட்டும் இரண்டு ஓமர் சேர்த்தார்கள், அது கெடவே இல்லை. அப்படியானால் எடுத்துவைப்பதே குற்றம் என்று அதற்கு அர்த்தமில்லை. அவர் சொன்னதை நம்பினார்களா என்பதுதான் அங்கே கேள்வி. 40 வருஷம், ஓய்வுநாளுக்கு முந்தின இரவைத் தவிர, மறுநாளைக்கான மன்னா கூடாரத்தில் இல்லாமலே அந்த ஜனங்கள் தூங்கப் போயிருக்கிறார்கள்!

பிரிஸ்டல் நகரில் ஆயிரக்கணக்கான அநாதைப் பிள்ளைகளைப் பராமரித்த ஜார்ஜ் முல்லர், மனிதரிடம் நன்கொடை கேட்காமல் ஜெபித்தே அதைச் செய்தார். வந்த காணிக்கைகளைக் கணக்கெழுதியும் வைத்தார். அதைப் பார்த்து நானும் ஒரு நோட்டில் தேதி போட்டு எழுத ஆரம்பித்தேன். கணவருக்கு இப்போது வேலை இருக்கிறது, சம்பளம் முன்பைவிடக் குறைவு. மாதக் கடைசி இன்னமும் இழுபறிதான். பயம் வரும்போது அந்த நோட்டை எடுத்துப் புரட்டுவேன்.

எலிம்:

ஆமென் சகோதரி. எனக்குப் பெலன்தான் தேவையாக இருந்தது. அம்மா படுத்த படுக்கையாக இருந்தார்கள். படுக்கைப்புண் வராமலிருக்க இரவில் பலமுறை எழுந்து திருப்பிப் படுக்கவைக்க வேண்டும். ஒருநாள் நடு இரவில் விரிப்பை மாற்றிவிட்டு நிமிர்கிறேன், அதுவும் நனைந்துவிட்டது. விரிப்பைக் கையில் பிடித்தபடி தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். "முடியலை ஆண்டவரே" என்பதற்கு மேல் வார்த்தை வரவில்லை.

உயிருக்குத் தப்பி ஓடி, சூரைச்செடியின்கீழ் சோர்ந்து உட்கார்ந்த எலியா தீர்க்கதரிசியும் "போதும் கர்த்தாவே" என்றுதானே சொன்னார்? தேவன் அவரைக் கண்டிக்கவில்லை. தூங்கவிட்டார். தூதன் தட்டி எழுப்பி, தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான், அதுவும் இரண்டு தரம். தேவனுடைய மலையாகிய ஓரேபுக்குப் போகும் பேச்சு அதற்கப்புறம்தான்.

மறுநாள் காலையில் தங்கை போன் பண்ணினாள். "இனிமேல் பாதி ராத்திரி நான் பார்த்துக்கிறேன், நீங்க தூங்குங்கண்ணா" என்றாள். நான் அவளிடம் எதுவுமே சொல்லியிருக்கவில்லை. "உன் நாட்களுக்குத்தக்கதாய் உன் பெலனும் இருக்கும்" என்ற உபாகமம் 33:25 எனக்கு அந்தத் தூக்கமாகத்தான் வந்தது.

விசுவாசப் பயணி:

கேட்டது கிடைக்காதவர்களும் இதை வாசிப்பார்கள், அவர்களுக்காக எழுதுகிறேன். மனைவிக்குச் சுகம் கேட்டு ஜெபித்தேன். கர்த்தர் அவளை அழைத்துக்கொண்டார். அப்போஸ்தலன் பவுல் மூன்று தரம் வேண்டியும், மாம்சத்திலே ஒரு முள் என்று அவர் சொன்ன உபத்திரவம் நீங்கவில்லை, "என் கிருபை உனக்குப்போதும்" என்ற பதில்தான் கிடைத்தது. துக்கம் விசாரிக்க வந்தவர்கள் அந்த வசனத்தைச் சொன்னபோது என்னால் கேட்க முடியவில்லை. இன்று காலையில் எழுந்து, மகளுக்குச் சடை பின்னி, பள்ளிக்கு அனுப்பிவிட்டு வேலைக்குக் கிளம்பினேன். இந்தத் தெம்பு என்னுடையது இல்லை, அது எனக்கு நன்றாகத் தெரியும். துணையை இழந்து பிள்ளைகளோடு தனியாக நிற்பவர்கள் யாராவது இங்கே இருந்தால் எழுதுங்கள், சேர்ந்து ஜெபிக்கலாம்.