அப்பாவின் பழைய கேசட்டுகள்: அனிமல் பிளானட் முத்திரையை வைத்து வருடம் கண்டுபிடிக்க முடியுமா?

மண்டபம் வாசகி:
அப்பா விசிஆரில் பதிவு செய்து வைத்த விலங்கு நிகழ்ச்சிகள் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. பெரும்பாலும் அனிமல் பிளானட். லேபிள்கள் உப்புக்காற்றில் உரிந்து போய்விட்டன. சிலவற்றில் நிகழ்ச்சிக்கு நடுவே யானையும் உலக உருண்டையும் வருகின்றன. சிலவற்றில் யானையே இல்லை, வெறும் எழுத்துதான். ஒரே சானல்தானா? வருட வரிசையில் அடுக்க வேண்டும். சில கேசட்டுகளில் சுருள் மேல் வெள்ளையாக ஏதோ படிந்திருக்கிறது, அதையும் சொல்லுங்கள்.

கீழக்கரை அண்ணன்:
ஒரே சானல்தான் தங்கச்சி. டிஸ்கவரி நிறுவனம் 1996 ஜூனில் அமெரிக்காவில் இந்தச் சானலைத் தொடங்கியது, இந்தியாவுக்கு அது 1999இல் வந்தது. ஆகவே இங்கே பதிவானது எதுவும் அதற்கு முந்தியதாக இருக்காது. 2008 பிப்ரவரியில் அமெரிக்காவில் யானையை எடுத்துவிட்டு, எம் எழுத்து படுத்துக் கிடக்கும் வெறும் பெயரை வைத்தார்கள். அமைதியான இயற்கைப் படங்களை விட்டு விறுவிறுப்பான தொடர்கள் பக்கம் திரும்பிய நேரம் அது. திமிங்கில வேட்டைக் கப்பல்களை மறிக்கும் தொடர் அந்த நவம்பரில்தான் வந்தது. யானையை எடுத்தது எனக்கு இன்றும் வருத்தம். 2018 அக்டோபரில் துள்ளும் நீல யானையாக அது திரும்பி வந்தது. முத்திரை எல்லா நாட்டிலும் ஒரே நாளில் மாறாது, அதனால் 2008ஐ உத்தேசக் கோடாக மட்டும் வையுங்கள்.

தங்கச்சிமடம்:
அக்கா, அந்த வெள்ளை பூஞ்சையாகத்தான் இருக்கும். அந்தக் கேசட்டுகளைத் தயவுசெய்து விசிஆரில் போடாதீர்கள். சுருளைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டி, அடுத்துப் போடும் நல்ல கேசட்டுக்கும் பரவும், சுருளும் அறுந்து போகலாம். தனியாக எடுத்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் நிமிர்த்தி வையுங்கள். வெயிலில் மட்டும் காயவைக்க வேண்டாம்.

மண்டபம் வாசகி:
ஒன்றில் ஸ்டீவ் இர்வின் முதலை பிடிக்கிறார். அப்படியானால் அது 2006க்கு முன்புதானே?

கீழக்கரை அண்ணன்:
அப்படி முடிவு கட்ட முடியாது. 2006 செப்டம்பர் 4 அன்று ஆஸ்திரேலியக் கடலில் திருக்கை முள் நெஞ்சில் குத்தி இறந்தார். திருக்கையை மிதித்துவிடாமல் காலைத் தேய்த்து நடக்கும் நம் கரையோர மக்களுக்கு அந்தச் செய்தி ரொம்பவே உறைத்தது. ஆனால் அவருடைய நிகழ்ச்சிகள் அதற்குப் பிறகும் மறுஒளிபரப்பாயின. அவர் இறப்பைப் பற்றிப் பேசினால் மட்டும் 2006 செப்டம்பர் அல்லது அதற்குப் பிந்தியது என்று உறுதியாகச் சொல்லலாம். ஜெரமி வேட் ஆற்றில் ராட்சத மீன் பிடிக்கும் தொடர் இருந்தால் 2009 அல்லது அதற்குப் பின்.

தங்கச்சிமடம்:
கம்ப்யூட்டருக்கு மாற்றும்போது இடையில் வரும் விளம்பரங்களை வெட்டிவிடாதீர்கள். புதுப்பட விளம்பரம் ஒன்று கிடைத்தாலும் மாதம் வரை சொல்லிவிடலாம்.

மண்டபம் வாசகி:
சரி, வெள்ளை படிந்தவற்றைப் பிரித்து வைத்துவிட்டேன். ராமநாதபுரம் பக்கம் பூஞ்சையைச் சுத்தம் செய்து மாற்றித் தருபவர்கள் இருந்தால் சொல்லுங்கள். அதுவரை அவற்றைத் தொடப் போவதில்லை.