நெல் மரபணுத் தொகுதியை 2005-லேயே படித்து முடித்தாயிற்றே, அப்புறம் எதற்கு 3,010 ரகங்கள்?

வெண்ணாறு_21:
வணக்கம். வேளாண்மை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஜப்பானின் நிப்போன்பரே ரகத்தை வைத்து நெல்லின் மரபணுத் தொகுதி முழுவதையும் 2005-லேயே படித்துவிட்டார்கள், 12 குரோமோசோம், சுமார் 39 கோடி டிஎன்ஏ எழுத்து, அதில் 11-ஆம் குரோமோசோமின் ஒரு பகுதி இந்தியா செய்தது என்று பாடத்தில் இருக்கிறது. அப்படியிருக்க 2018-ல் 89 நாடுகளின் 3,010 ரகங்களைப் படித்து வெளியிட்டிருக்கிறார்கள். எல்லாமே நெல்தானே? அங்கங்கே ஓர் எழுத்து மாறியிருக்கும், அவ்வளவுதானே? அதற்கு ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும்? விவரம் தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்குங்கள்.

நாற்றங்கால்:
தம்பி, "அங்கங்கே ஓர் எழுத்து" என்று நினைக்கிறீர்களே, சிக்கலே அங்கேதான். எழுத்து மாறுவது ஒரு வகை (அதுவே அந்த ஆய்வில் 2.9 கோடி இடங்களில் கிடைத்தது). ஆனால் ஒரு ரகத்தில் இருக்கும் முழு மரபணுவே இன்னொன்றில் இல்லாமல் போவதும் உண்டு. பாடத்தில் இதைத்தான் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்.

ஒடிசாவில் தால்புட்டியா என்று வெள்ளம் தாங்கும் நாட்டு நெல் ஒன்று இருந்தது. அதிலிருந்து தேர்ந்தெடுத்த ரகம்தான் எஃப்ஆர் 13ஏ. சாதாரண நெல் முழுக்க முங்கினால் உள்ளே எத்திலீன் வாயு (பயிர் தானே உண்டாக்கும் ஹார்மோன்) வெளியேற வழியில்லாமல் சேரும், உடனே பயிர் தண்ணீருக்கு மேலே எட்டிவிடலாம் என்று இலையை நீட்டிக்கொண்டே போய், சேமித்து வைத்த மாவுச்சத்தை எல்லாம் அதிலேயே கரைத்துவிடும், தண்ணீர் வடிந்ததும் நிற்கத் தெம்பில்லாமல் சாய்ந்து அழுகும். எஃப்ஆர் 13ஏ அப்படி நீளாது. சத்தைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா இருக்கும், இரண்டு வாரம் வரை தாங்கிவிட்டு, வடிந்த பின் புதுக்குருத்து விடும். இதற்குக் காரணமான சப்1ஏ மரபணுவை 2006-ல் கண்டுபிடித்தார்கள், 9-ஆம் குரோமோசோமில்.

இப்போது நிப்போன்பரேயில் அதே இடத்தைப் பாருங்கள். சப்1பி இருக்கிறது, சப்1சி இருக்கிறது, சப்1ஏ கிடையவே கிடையாது. அந்த ஒரு ரகத்தையே எத்தனை முறை படித்தாலும் வெள்ளம் தாங்கும் மரபணு கண்ணில் படாது! ஐஆர் 64 மாதிரி சில ரகங்களில் சப்1ஏ உண்டு, ஆனால் வேறு வடிவம், வெள்ளத்தைத் தாங்காது. ஆக ஒரே மரபணு, சிலவற்றில் வேலை செய்கிறது, சிலவற்றில் பேருக்கு இருக்கிறது, சிலவற்றில் அறவே இல்லை.

இதற்கு நேரெதிர், வங்கதேசப் பக்கத்து ஆழ்நீர் நெல். தண்ணீர் ஏற ஏற அதுவும் ஏறும். அதற்குக் காரணமான ஸ்நார்கெல் மரபணுக்களை 2009-ல் கண்டுபிடித்தார்கள், அவையும் நிப்போன்பரேயில் இல்லை. இரண்டுக்குமே எத்திலீன்தான் சமிக்ஞை. அதைக் கேட்டு ஒரு நெல் அடங்கி உட்காருகிறது, இன்னொன்று ஓங்கி வளர்கிறது. எனக்கு எப்போது நினைத்தாலும் பிரமிப்பாக இருக்கும் விஷயம் இது.

கடைமடை_விவசாயி:
சார், எங்கள் பக்கம் சம்பாவுக்கு சிஆர் 1009 சப்1 போடுகிறோம். அந்த "சப்1" நீங்கள் சொல்வதுதானா? மரபணு மாற்றிய விதை என்று ஊரில் சிலர் வாங்கவே தயங்குகிறார்கள். ஐப்பசி, கார்த்திகையில் பயிர் முங்கினால் இதை நம்பலாமா?

நாற்றங்கால்:
அதேதான் ஐயா. ஆனால் மரபணு மாற்றப் பயிர் இல்லை. சப்1 உள்ள ரகத்தோடு மகரந்தம் சேர்த்துக் கலப்பு செய்து, பிறகு பழைய சிஆர் 1009-உடனேயே திரும்பத் திரும்பக் கலந்து, ஒவ்வொரு தலைமுறையிலும் சப்1 வந்த செடியை டிஎன்ஏ அடையாளம் வைத்துப் பொறுக்கி எடுத்தது. ஸ்வர்ணா சப்1-ம் இதே வழியில் வந்ததுதான்.

நம்பலாம், ஆனால் எதற்கு என்று தெரிந்து நம்புங்கள். நட்டு வேர் பிடித்து, தூர் கட்டும் பருவத்தில் முழுக்க முங்கினால் காப்பாற்றும். நேரடியாக விதைத்த வயலில் முளைப்பதற்கு முன்பே தண்ணீர் நின்றால் இது உதவாது. அரையாள் உயரத் தண்ணீர் மாதக்கணக்கில் தேங்கினாலும், கதிர் வந்த பின் சாய்ந்தாலும் உதவாது. அவற்றுக்கு வேறு மரபணுக்கள் வேண்டும். வடிகால் வாய்க்காலைத் தூர்வாராமல் விட்டுவிட்டு விதையை மட்டும் நம்ப முடியாது.

கோதுமைப்_பிரியன்:
நெல்லுக்கே இப்படி என்றால் கோதுமையைப் பாருங்கள். மூன்று புல்வகைகளின் தொகுதி ஒன்றாகச் சேர்ந்தது, 21 ஜோடி குரோமோசோம், சுமார் 1,600 கோடி எழுத்து. உலகில் பல கோதுமை ரகங்களில் ஒரு குரோமோசோமின் ஒரு கை முழுவதும் ரை என்ற வேறு தானியத்திலிருந்து வந்தது, தண்டுத் துரு நோயைத் தடுக்கும் எஸ்ஆர் 31 மரபணு அதில்தான் இருக்கிறது. எல்லோரும் அதையே நம்பிப் பயிரிட்டார்கள். 1990-களின் கடைசியில் உகாண்டாவில் கண்டறியப்பட்ட யுஜி99 என்ற துருப்பூஞ்சை வகை அதை உடைத்துவிட்டது. ஒரே நோய்த் தடுப்பை நாடு நாடாகப் பரப்பினால் வரும் ஆபத்து இது.

வெண்ணாறு_21:
ரொம்ப நன்றி. அப்படியானால் மாப்பிள்ளைச் சம்பாவின் சிவப்பு? அதுவும் வெள்ளை நெல்லில் இல்லாத மரபணுவா?

நாற்றங்கால்:
அது வேறு கதை. மரபணு வெள்ளை நெல்லிலும் இருக்கிறது, உடைந்து கிடக்கிறது. ஆர்சி என்று பெயர், 7-ஆம் குரோமோசோம். பெரும்பாலான வெள்ளை அரிசி ரகங்களில் அதிலிருந்து வெறும் 14 எழுத்துகள் விட்டுப்போனதால் மேல்தோலில் சிவப்பு நிறமி வருவதில்லை. பயிர் குட்டையாக இருப்பதும் இப்படித்தான். பசுமைப் புரட்சி ரகமான ஐஆர் 8-க்குக் குட்டைத்தனம் தந்த எஸ்டி1 மரபணுவில் 383 எழுத்துகள் காணோம்.

ஸ்னிப்-சீக் என்று அந்த 3,010 ரகங்களின் தரவுத்தளம் இணையத்தில் இலவசமாக இருக்கிறது, பிராஜெக்ட்டுக்கு அதைப் பயன்படுத்துங்கள். ஒன்று மட்டும் கவனம். நிப்போன்பரேயை அடிப்படையாக வைத்துத் தேடினால் சப்1ஏ வராது, அதில் இல்லாததை எதனோடு ஒப்பிடுவது? அதற்கு இண்டிகா (நம் பக்கத்து நெல் பெரும்பாலும் இந்த வகைதான், நிப்போன்பரே ஜப்போனிகா வகை) ரகம் ஒன்றின் தொகுதியை அடிப்படையாக எடுத்துக்கொள்ள வேண்டும், அதிலும் சப்1ஏ இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டு.