பிரிந்த பின் கூட்டுக் கணக்கில் வந்த மிகைத்தொகை: முழுவதும் என் தலையில் விழுமா?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். இங்கிலாந்தில் நானும் என் கணவரும், வருமானம் குறைந்தவர்களுக்கு அரசு தரும் யுனிவர்சல் கிரெடிட் உதவித்தொகையைக் கூட்டாகப் பெற்றுவந்தோம். 2025 மே மாத இறுதியில் அவர் வீட்டை விட்டுப் போய்விட்டார். அந்த வாரமே நான் எங்கள் ஊர் உள்ளாட்சி மன்றமான கவுன்சிலுக்கு எழுதி, வீட்டில் பெரியவர் ஒருவர் மட்டுமே இருப்பதைத் தெரிவித்து, கவுன்சில் வரியில் 25 விழுக்காடு கழிவும் பெற்றேன். ஓரிடத்தில் சொன்னால் அரசின் எல்லா இடங்களுக்கும் அது போய்ச் சேர்ந்துவிடும் என்று எண்ணியிருந்தேன். யுனிவர்சல் கிரெடிட் கணக்கில் பிரிவைத் தாமே பதிந்துவிட்டதாகவும், எனது தனிக் கணக்கு முடிவாவதற்குச் சில மாதங்கள் ஆகும் என்றும் அவர் சொன்னதை நம்பி, நான் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

அக்டோபரில் நானே உள்ளே போய்ப் பார்த்தபோதுதான் அவர் எதையும் பதியவில்லை என்பது தெரிந்தது. அன்றே பதிந்தேன். இப்போது 2,180 பவுண்டு மிகையாக வழங்கப்பட்டுள்ளது, அதைத் திருப்பிச் செலுத்த வேண்டும் என்று என் பெயருக்குக் கடிதம் வந்திருக்கிறது. அந்த மாதங்களின் பணம் முழுவதும் அவருடைய வங்கிக் கணக்குக்குத்தான் போனது. இரண்டு பிள்ளைகளுடன், பகுதிநேரச் சம்பளத்திலும் அண்ணனிடம் வாங்கிய கடனிலும் வாடகை கட்டினேன்.

இன்னொன்றும் குழப்பமாக இருக்கிறது. நாங்கள் மார்ச் மாதத்திலேயே பிரிந்துவிட்டதாக எடுத்துக்கொண்டு கணக்கிட்டிருக்கிறார்கள். தொலைபேசியில் பேசியபோது, மார்ச் முதல் அவர் வேறு அறையில் படுத்தார் என்று நான் சொன்னது உண்மைதான். கையில் வராத பணத்தை நான் கட்ட வேண்டுமா? கடிதத்தின் தேதியிலிருந்து இன்றோடு மூன்று வாரங்கள் ஆகின்றன.

முதல் பதில்

சகோதரி, இந்த நிலையை நான் வேறொரு உதவித்தொகையில் அனுபவித்திருக்கிறேன். 2025 ஏப்ரல் 5 உடன் முடிவுக்கு வந்த டாக்ஸ் கிரெடிட்டை நானும் என் முன்னாள் மனைவியும் கூட்டாகப் பெற்றுவந்தோம். பிரிந்ததை நாங்கள் இருவருமே காலம் தாழ்த்தித்தான் தெரிவித்தோம். சட்டப்படி முழுத் தொகைக்கும் இருவருமே பொறுப்பு என்றாலும், எங்களிடம் ஆளுக்குப் பாதியாகத்தான் கேட்டார்கள். அவர்கள் பாதி கேட்டதை நான் எதிர்க்காமல், அந்தத் தொகை எப்படி வந்தது என்று கேட்டேன். பிரிந்த அன்றே தனியாக விண்ணப்பித்திருந்தால் பிள்ளையுடன் இருந்த அவருக்கு எவ்வளவு கிடைத்திருக்குமோ, அதைக் கடனிலிருந்து கழிக்கக் கேட்கும் வழி டாக்ஸ் கிரெடிட்டில் இருந்தது. அவர் கேட்ட பிறகுதான் கழித்தார்கள். கேட்காமல் இருந்திருந்தால் முழுவதையும் கட்டியிருப்பார். உங்களுடையது வேறு உதவித்தொகை, விதிகளும் வேறு. ஆனாலும் கடிதத்தில் இருக்கும் எண்ணை அப்படியே ஏற்றுக்கொண்டுவிடாதீர்கள்.

இரண்டாம் பதில்

நான் சில ஆண்டுகளாக ஒரு ஆலோசனை மையத்தில் தன்னார்வலராக இருக்கிறேன். உங்களுக்கு இருப்பது ஒரு வாரம்தான் என்பதால் அவசரமானதை முதலில் சொல்கிறேன். முடிவின் தேதியிலிருந்து ஒரு மாதத்துக்குள் மேன்டட்டரி ரீகன்சிடரேஷன், அதாவது கட்டாய மறுபரிசீலனை, கேட்க வேண்டும். தக்க காரணம் இருந்தால் பிந்திய விண்ணப்பத்தையும் ஏற்க இடமுண்டு. அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம். இன்றே உங்கள் ஜேர்னலில், அதாவது யுனிவர்சல் கிரெடிட் இணையக் கணக்கில் துறைக்குச் செய்தி எழுதும் பகுதியில், எழுதுங்கள். ஆதாரங்கள் முழுமையாகச் சேரவில்லை என்றாலும், ‘இந்த முடிவை மறுபரிசீலனை செய்யக் கோருகிறேன், ஆதாரங்களைத் தொடர்ந்து அனுப்புகிறேன்’ என்று எழுதிவிட்டால் கெடு காப்பாற்றப்படும். மறுபரிசீலனையிலும் பயனில்லை என்றால், அந்தப் பதில் வந்த தேதியிலிருந்து ஒரு மாதத்துக்குள் சுயேச்சையான தீர்ப்பாயத்துக்கு மேல்முறையீடு செய்யலாம்.

இனி உங்கள் முதல் கேள்வி. பதில் கசப்பானது, ஆனால் மறைப்பதற்கில்லை. கூட்டுக் கோரிக்கையில் பணம் ஒருவருடைய வங்கிக் கணக்குக்குப் போயிருந்தாலும், மிகைத்தொகையை மற்றவரிடமிருந்தும் மீட்க 1992 ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்பு நிர்வாகச் சட்டம் இடம் தருகிறது. உங்களுக்கும் கணவருக்கும் இடையிலான எந்த ஒப்பந்தமும், ‘கடனை அவரே கட்டுவார்’ என்று மணமுறிவின்போது எழுதிக்கொள்ளும் உடன்பாடு உட்பட, யுனிவர்சல் கிரெடிட்டை வழங்கும் வேலை மற்றும் ஓய்வூதியத் துறையைக் கட்டுப்படுத்தாது. ஆகவே ‘பணம் என் கைக்கு வரவில்லை’ என்பதை மறுபரிசீலனைக்கான வாதமாக மட்டும் வைத்தால் தோற்றுவிடுவீர்கள்.

அந்த வாதத்துக்கு உரிய இடம் வேறு. கடனைத் தள்ளுபடி செய்யத் துறைக்கு விருப்புரிமை உண்டு. அதற்குத் தனியாக ஒரு விண்ணப்பம் எழுதி, பணம் எந்தக் கணக்குக்குப் போனது, அந்த மாதங்களில் வாடகையை எப்படிக் கட்டினீர்கள், அண்ணனிடம் பெற்ற கடன், உங்கள் இன்றைய வரவு செலவு, உடல்நலமோ மனநலமோ பாதிக்கப்பட்டிருந்தால் மருத்துவரின் கடிதம் ஆகியவற்றை இணையுங்கள். தள்ளுபடி எளிதில் கிடைப்பதில்லை. ஆனால் ஐந்து மாதங்களுக்கான வங்கி அறிக்கையில் உதவித்தொகை வரவு ஒன்றுகூட இல்லை என்பதைக் காட்ட முடிந்தால், அதைவிட வலுவான தாள் வேறில்லை. பணத்தை அவர் தம் கையில் வைத்துக்கொண்டு உங்களைக் கட்டுப்படுத்தியிருந்தார் என்றால், தயங்காமல் அதையும் எழுதுங்கள். அது பொருளாதார வன்முறை, அதைச் சொல்வதில் உங்களுக்கு எந்த இழுக்கும் இல்லை.

மறுபரிசீலனையில் நீங்கள் கேட்க வேண்டியது தொகையையும் தேதியையும் பற்றித்தான். ஒவ்வொரு மாதக் கணக்கீட்டுக் காலத்துக்கும் கூட்டாக வழங்கப்பட்டது எவ்வளவு, அதே காலத்தில் தனியொருவராக, பிள்ளைகளுடனும் வாடகையுடனும் உங்களுக்கு உரிமையாயிருந்தது எவ்வளவு என்று பிரித்துத் தரச் சொல்லுங்கள். 2025-26 இல் 25 வயதோ அதற்கு மேலோ ஆன தனிநபரின் அடிப்படைத் தொகை மாதம் 400.14 பவுண்டு, இருவரில் ஒருவருக்காவது 25 வயது நிறைந்த தம்பதிக்கு 628.10 பவுண்டு. இந்த வேறுபாடு 227.96 பவுண்டுதான். இதன்மேல் அவருடைய வருமானம், பிள்ளைகளுக்கான தொகை, வாடகை என்று பலவும் சேர்வதால், கடிதத்தில் இருக்கும் ஒற்றை எண்ணைப் பார்த்து யாராலும் சரிபார்க்க முடியாது.

எல்லாம் பார்த்த பிறகும் கடன் மிஞ்சினால், யுனிவர்சல் கிரெடிட்டிலிருந்து பிடிப்பதற்கு வரம்பு உண்டு. 2025 ஏப்ரல் 30 முதல் அந்த வரம்பு அடிப்படைத் தொகையின் 25 விழுக்காட்டிலிருந்து 15 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது; மேலே சொன்ன தனிநபர் தொகைக்கு அது மாதம் ஏறத்தாழ 60 பவுண்டு. அதையும் தாங்க முடியாவிட்டால் குறைக்கும்படி கேட்கலாம். கடிதத்தை மட்டும் பேசாமல் விட்டுவிடாதீர்கள். உதவித்தொகை நின்றுபோன பின் கடன் மிஞ்சியிருந்தால், நீதிமன்ற ஆணை இல்லாமலேயே சம்பளத்திலிருந்து பிடிக்கும்படி முதலாளிக்கு உத்தரவிடும் அதிகாரம் துறைக்கு உண்டு.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. ஜேர்னலில் இப்போதே எழுதிவிட்டேன். மார்ச் மாதம் பற்றி மட்டும் இன்னும் தெளிவில்லை. மே வரை நான்தான் அவருக்கும் சேர்த்துச் சமைத்தேன். மின்கட்டணமும் வாடகையும் முன்புபோல ஒரே கணக்கிலிருந்துதான் போயின. வேறு அறையில் படுத்தது மட்டும் பிரிவாகிவிடுமா?

மூன்றாம் பதில்

அது மட்டும் போதாது. ஒரே கூரையின்கீழ் இருந்துகொண்டே தம்பதியர் பிரிந்தவர்களாகக் கருதப்படுவதும் உண்டு. ஒரே அறையில் படுக்காதவர்கள் தம்பதியாகவே கருதப்படுவதும் உண்டு. சமையல், செலவு, பிள்ளை வளர்ப்பு, வீட்டு வேலை, வெளியுலகுக்கு உங்களை எப்படிக் காட்டிக்கொண்டீர்கள் என்று எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்துத்தான் ஒரே குடும்பமாக இருந்தீர்களா என்று முடிவெடுக்க வேண்டும். நீங்கள் தொலைபேசியில் சொன்ன ஒரு வாக்கியத்தை மட்டும் வைத்து மார்ச் என்று எழுதியிருந்தால், அதை மறுக்க உங்களுக்கு நல்ல இடமிருக்கிறது.

மார்ச், ஏப்ரல், மே மாதங்களின் வங்கி அறிக்கையை எடுத்து, வாடகையும் மின்கட்டணமும் போன வரிகளைக் கோடிட்டுக் காட்டுங்கள். கவுன்சில் வரிக் கழிவுக் கடிதம் உங்களிடம் இருக்கிறது அல்லவா? அதில் கழிவு தொடங்கும் நாளே அவர் வெளியேறிய தேதிக்கு எழுத்து மூலச் சான்று, அதுவும் இந்தச் சிக்கல் தோன்றுவதற்கு முன்பே நீங்கள் தந்த தகவல். அவருடைய புதிய வாடகை ஒப்பந்தத்தின் நகல் கிடைத்தால் அதையும் சேருங்கள். ‘வேறு அறையில் படுத்தார்’ என்று சொன்னதை இப்போது மறுக்க வேண்டாம். அது உண்மை, உண்மையாகவே இருக்கட்டும். அதனுடன் அன்று கேட்கப்படாத மற்றவற்றையும் எழுதுங்கள்.

தனியாக எழுதத் தயக்கமாக இருந்தால், சிட்டிசன்ஸ் அட்வைஸ் நிலையத்தில் கடிதத்தையும் இந்தத் தாள்களையும் கொண்டுபோய்க் காட்டலாம். கட்டணம் இல்லை, தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று நேரம் குறிக்கும்போதே கேளுங்கள். அதுவரை பிடித்தம் தொடங்காதிருக்க ஜேர்னலில் இன்னொரு குறிப்பும் எழுதுங்கள். மறுபரிசீலனை கேட்டதாலேயே பிடித்தம் தானாக நின்றுவிடும் என்று இருந்துவிட வேண்டாம்.