ஜும்ஆவுக்குக் குளிப்பது கடமையா, சுன்னத்தா?

வர்த்தூர்வாசி:

அஸ்ஸலாமு அலைக்கும். பெங்களூரின் கிழக்கே வர்த்தூர் பக்கம் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிக்கிறேன். ஆழ்துளைக் கிணறு வற்றிவிட்டதால் லாரித் தண்ணீரைத்தான் நம்பியிருக்கிறோம். சென்ற வெள்ளியன்று லாரி வரவில்லை. குளிக்காமலேயே அலுவலகம் சென்று, அருகிலிருந்த பள்ளிவாசலில் உளூ (தொழுகைக்காக முகம், கை, கால் கழுவுதல்) மட்டும் செய்துகொண்டு ஜும்ஆவில் (வெள்ளிக்கிழமை மதியக் கூட்டுத் தொழுகையில்) சேர்ந்தேன். உடன் வந்த நண்பர், வெள்ளிக்கிழமைக் குளிப்பு ஆண்கள் ஒவ்வொருவருக்கும் கடமை என்றும், அதை விட்டது பாவம் என்றும் கூறினார். குளிப்பு கடமையாகும் வேறு காரணம் எதுவும் அன்று எனக்கு இருக்கவில்லை. ஊர் மதரஸாவில் இதைச் சுன்னத் (செய்தால் நன்மை, விட்டால் பாவமில்லாத நபிவழி) என்றே ஓதிக்கொடுத்தார்கள். இரண்டில் எது சரி என்பதை ஆதாரத்துடன் விளக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

அத்தாட்சி தேடி:

வ அலைக்கும் ஸலாம். உங்கள் நண்பர் கூறியதே சரி. பருவமடைந்த ஒவ்வொருவர் மீதும் வெள்ளிக்கிழமைக் குளிப்பு வாஜிப் (கடமை) என்று நபி (ஸல்) அவர்கள் கூறியதாக அபூ ஸயீத் அல்குத்ரீ (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் (நபிமொழி) புகாரி, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் இருக்கிறது. ‘உங்களில் ஒருவர் ஜும்ஆவுக்கு வந்தால் குளிக்கட்டும்’ என்ற கட்டளையை இப்னு உமர் (ரலி) அறிவிக்கிறார்கள். ஏழு நாட்களுக்கு ஒருமுறை தலையையும் உடலையும் கழுவுவது ஒவ்வொரு முஸ்லிமும் அல்லாஹ்வுக்குச் செலுத்த வேண்டிய உரிமை என்று அபூ ஹுரைரா (ரலி) அறிவிக்கிறார்கள். மூன்றும் ஐயத்துக்கு இடமில்லாத அறிவிப்புகள். இவ்வளவு நேரடியான சொற்கள் கண்முன்னே இருக்கும்போது, மதரஸாவில் ஓதிக்கொடுத்தார்கள் என்பதற்காக அவற்றின் வலுவைக் குறைக்க நமக்கு உரிமை இல்லை. இப்னு ஹஸ்மு போன்ற அறிஞர்கள் கடமை என்று தீர்ப்பளித்ததும் இந்தச் சொற்களை அப்படியே ஏற்றுக்கொண்டதால்தான்.

காயல் மைந்தன்:

அத்தாட்சி தேடும் சகோதரர் எடுத்துக்காட்டிய ஹதீஸ்களை எவரும் மறுக்கவில்லை. நான்கு மத்ஹபுகளின் (சட்டப் பிரிவுகளின்) இமாம்களும் அவற்றை அறிந்தே, இக்குளிப்பு வலியுறுத்தப்பட்ட சுன்னத் என்ற முடிவுக்கு வந்தார்கள். அதற்கு அவர்களைக் கொண்டுசென்ற நிகழ்ச்சியை முதலில் சொல்கிறேன். உமர் (ரலி) அவர்கள் மிம்பரில் (உரைமேடையில்) நின்று குத்பா (ஜும்ஆ உரை) ஓதிக்கொண்டிருந்தபோது உஸ்மான் (ரலி) அவர்கள் தாமதமாக உள்ளே வந்தார்கள். ‘இது என்ன நேரம்?’ என்று உமர் (ரலி) கேட்டதற்கு, வேலையாக இருந்துவிட்டதாகவும், பாங்கு கேட்ட பிறகு உளூ செய்ததைத் தவிர வேறெதுவும் செய்ய இயலவில்லை என்றும் பதில் வந்தது. ‘உளூ மட்டும்தானா? நபி (ஸல்) அவர்கள் குளிக்குமாறு ஏவி வந்ததை நீங்கள் அறிவீர்களே’ என்று உமர் (ரலி) கூறினார்கள். ஆனால் திரும்பிச் சென்று குளித்துவிட்டு வாருங்கள் என்று அவர்கள் சொல்லவுமில்லை. உஸ்மான் (ரலி) அவர்கள் எழுந்து செல்லவுமில்லை. பள்ளி நிறைந்திருந்த ஸஹாபாக்களில் (நபித்தோழர்களில்) ஒருவரும் அதை ஆட்சேபிக்கவுமில்லை.

இந்தக் குளிப்பு ஏன் ஏவப்பட்டது என்பதையும் பார்க்க வேண்டும். மதீனாவின் மேட்டுப் புறங்களிலிருந்து மக்கள் புழுதியிலும் வியர்வையிலும் ஜும்ஆவுக்கு வருவார்கள் என்றும், அவர்களில் ஒருவரிடம் ‘இந்த நாளுக்காக நீங்கள் தூய்மை செய்துகொண்டால் நன்றாயிருக்குமே’ என்று நபி (ஸல்) அவர்கள் கூறினார்கள் என்றும் ஆயிஷா (ரலி) அறிவிக்கிறார்கள். இராக்கிலிருந்து வந்தவர்கள் இது வாஜிபா என்று நேரடியாகவே கேட்டபோது, இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் இல்லை என்றும், குளிப்பவருக்கு அது மிகுந்த தூய்மையும் நன்மையும் ஆகும் என்றும் கூறினார்கள். கம்பளி உடை, முதுகில் சுமை தூக்கும் உழைப்பு, இடம் குறுகிக் கூரை தாழ்ந்த பள்ளிவாசல், ஒருவரின் வாடை மற்றவரைத் துன்புறுத்திய ஒரு கோடை நாள் என்று அக்காலத்து நிலைமையையும் எடுத்துச் சொன்னார்கள். அபூ தாவூத் தொகுப்பில் இது இருக்கிறது. ‘உளூ செய்தவர் நல்லதையே செய்தார், குளித்தவரோ மேலானதைச் செய்தார்’ என்ற கருத்தில் ஸமுரா (ரலி) அறிவிப்பதும் இதற்குத் துணை நிற்கிறது.

அத்தாட்சி தேடி:

உமர் (ரலி) நிகழ்ச்சி உங்களுக்கு எதிரான சான்று. ஒரு சுன்னத்தை விட்டதற்காகவா குத்பாவை நிறுத்தி, உஸ்மான் (ரலி) போன்ற ஒருவரை மக்கள் முன்னிலையில் கண்டிப்பார்கள்? திருப்பி அனுப்பவில்லை என்பதிலிருந்து கிடைப்பது, குளிப்பு ஜும்ஆ தொழுகை செல்லுபடியாவதற்கான நிபந்தனை அல்ல என்பது மட்டுமே. நிபந்தனை அல்லாத கடமைகள் எத்தனையோ இருக்கின்றன. ஜனாபத் (விந்து வெளிப்படுதல், உறவு ஆகியவற்றால் குளிப்பு கடமையான நிலை) குளிப்பை விட்டவரின் தொழுகை கூடாது; வெள்ளிக்கிழமைக் குளிப்பை விட்டவரின் தொழுகை கூடும், ஆனால் அவர் ஒரு கடமையை விட்டவர். ஸமுரா (ரலி) அறிவிப்பைப் பொறுத்தவரை, அதை அறிவிக்கும் ஹஸன் அல்பஸ்ரீ அவரிடமிருந்து நேரடியாகக் கேட்டாரா என்பதில் ஹதீஸ் கலை அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. புகாரியின் அறிவிப்பை அதைக் கொண்டு தள்ள இயலாது.

காயல் மைந்தன்:

நியாயமான மறுப்பு. ஸமுரா அறிவிப்பை ஹதீஸ் தொகுப்பாளர் திர்மிதீ ‘ஹஸன்’ (ஏற்கத்தக்கது) என்று தரப்படுத்தியிருக்கிறார்கள் என்றாலும், அதை ஒதுக்கி வைத்துவிட்டே பேசுகிறேன். ஒருவர் அழகாக உளூ செய்து, ஜும்ஆவுக்கு வந்து, வாய் மூடிக் குத்பாவைக் கேட்டால், அந்த ஜும்ஆவுக்கும் அடுத்ததற்கும் இடைப்பட்ட பாவங்களும் மேலும் மூன்று நாட்களின் பாவங்களும் மன்னிக்கப்படும் என்று முஸ்லிம் தொகுப்பில் அபூ ஹுரைரா (ரலி) அறிவிக்கிறார்கள். அங்கே சொல்லப்பட்டது உளூ மட்டுமே. ஒரு கடமையை விட்டுவிட்டு வந்தவருக்கு, அந்த வருகைக்கே இப்படியொரு நற்செய்தி கிடைக்கும் என்பது பொருந்துகிறதா? மேலும் அபூ ஸயீத் (ரலி) அறிவிப்பில் குளிப்புடன் பல் துலக்குவதும் நறுமணம் பூசுவதும் ஒரே தொடரில் வருகின்றன. நறுமணம் பூசாதவர் பாவி என்று நீங்களும் சொல்லமாட்டீர்கள்.

அத்தாட்சி தேடி:

அந்த ஹதீஸை அபூ ஸயீத் (ரலி) அவர்களிடமிருந்து அறிவிக்கும் அம்ர் பின் ஸுலைம், குளிப்பு வாஜிப் என்று தாம் சாட்சி சொல்வதாகவும், மற்ற இரண்டும் வாஜிபா இல்லையா என்பதை அல்லாஹ்வே அறிவான் என்றும் கூறியது அதே புகாரியில் இருக்கிறது. அறிவித்தவரே பிரித்துப் பார்த்ததை நீங்கள் ஏன் சேர்த்துப் பார்க்க வேண்டும்?

உம்மு சுமையா:

இருவரின் ஆதாரங்களையும் கவனமாகப் படித்தேன். நான் ஹனஃபி மத்ஹபைச் சேர்ந்தவள். இதைச் சுன்னத் என்றே கருதுகிறேன். ஆனால் எனக்கு வேறொரு கவலை இருக்கிறது. ஐயமே இல்லாமல் கடமையான குளிப்புகள் இருக்கின்றன: விந்து வெளிப்படுதல், கணவன் மனைவி உறவு, மாதவிடாய் நிற்பது, பேறுகால இரத்தம் நிற்பது. உயிருடன் இருப்போர் மீது கடமையானது மய்யித்தை (இறந்தவரின் உடலை) குளிப்பாட்டுவது. வெள்ளிக்கிழமையைப் பற்றிப் பக்கம் பக்கமாக விவாதிக்கும் நாம், இவற்றைப் பற்றிப் பேசக் கூச்சப்படுகிறோம். கனவில் ஸ்கலிதமானால் பெண்ணுக்கும் குளிப்பு உண்டா என்று உம்மு ஸுலைம் (ரலி) அவர்கள், உண்மையைக் கூற அல்லாஹ் வெட்கப்படுவதில்லை என்ற முன்னுரையோடு நபி (ஸல்) அவர்களிடமே கேட்டார்கள். ‘ஆம், ஈரத்தைக் கண்டால்’ என்று பதில் பெற்றார்கள்.

இந்நகரின் பெண்கள் விடுதிகளில் தங்கி வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் என்னிடம் கேட்பது இதுதான்: மாலையில் இரத்தம் நின்றுவிடுகிறது, வெந்நீர் காலையில் மட்டுமே வருகிறது, மறுநாள் குளித்துக்கொள்ளலாமா? தள்ளிப்போட்டால் மஃரிபும் இஷாவும் (மாலை, இரவுத் தொழுகைகள்) நேரம் தவறிக் களாவாகிவிடும். உடல்நலத்துக்குக் கேடு வரும் என்ற நியாயமான அச்சம் இருந்தால் தயம்மும் (நீருக்குப் பதிலாக மண்ணால் தூய்மை செய்தல்) உண்டு; தாதுஸ் ஸலாஸில் படையெடுப்பில் கடுங்குளிர் இரவொன்றில் அம்ர் பின் ஆஸ் (ரலி) அவர்கள் அப்படித்தான் செய்தார்கள். ஆனால் தண்ணீர் சில்லென்று இருக்கிறது என்பது மட்டும் காரணமாகாது. நீண்ட சடையை அவிழ்க்க வேண்டுமே என்று பயப்படும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். உம்மு ஸலமா (ரலி) அவர்களுக்கு, தலையில் மூன்று கை நீர் ஊற்றினால் போதும் என்று நபி (ஸல்) அவர்கள் சொல்லிக்கொடுத்தார்கள். எங்கள் மத்ஹபில் மயிர்க்கால்களை நீர் அடைந்தால் போதுமானது. வாய் கொப்பளிப்பதும் மூக்கில் நீர் செலுத்துவதும் எங்களுக்குக் குளிப்பின் ஃபர்ளு (கட்டாயப் பகுதி) என்பதை மட்டும் மறந்துவிடக் கூடாது.

காயல் மைந்தன்:

சகோதரிக்கு அல்லாஹ் நற்கூலி வழங்குவானாக. ஷாஃபிஈ மத்ஹபினருக்கு ஒரு குறிப்பு: எங்களிடம் நிய்யத்தும் (மனத்தில் எண்ணம் கொள்வதும்) நீர் உடல் முழுவதையும் அடைவதும் ஃபர்ளு, வாயும் மூக்கும் சுன்னத். சடையின் உட்பகுதிக்கு நீர் போகாவிட்டால் அவிழ்த்தே ஆக வேண்டும். இரத்தமே காணாமல் குழந்தை பிறந்தாலும் பிரசவம் என்பதற்காகவே குளிப்பு கடமையாகும்.

வர்த்தூர்வாசி:

தெளிவாகப் புரிகிறது. ஆனால் தண்ணீர் இல்லாத நாளில் ஜனாபத்தும் சேர்ந்துவிட்டால் என்ன செய்வது? 2024 மார்ச்சில், ரமலான் தொடங்கிய அதே சமயம் இந்நகரம் தவித்தது நினைவிருக்கும். குடிநீரில் வண்டி கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்தது. லாரிக்காரர்கள் கேட்ட விலையைப் பார்த்து, 5 கிலோமீட்டருக்குள் 6,000 லிட்டருக்கு 600 ரூபாய் என்று அரசு உச்சவரம்பு விதிக்க வேண்டியதாயிற்று.

காயல் மைந்தன்:

வீட்டில் இருக்கும் நீர் குடிக்கவே வேண்டும் என்றால் தயம்மும் செய்யுங்கள். விற்பனைக்கு இருந்தால், கையில் பணமும் இருந்தால், அந்த இடத்தின் வழக்கமான விலைக்கு வாங்குவது கடமை. அதற்கு மேல் கேட்டால் வாங்கியே ஆக வேண்டியதில்லை என்பது எங்கள் மத்ஹப். ஆனால் எவ்வளவு தேவை என்பதையும் கணக்கிட்டுப் பாருங்கள். நபி (ஸல்) அவர்கள் ஒரு ஸாஃ முதல் ஐந்து ‘முத்து’ வரையிலான நீரில் (இவை அக்கால முகத்தலளவைகள்; நான்கு முத்து ஒரு ஸாஃ) குளித்தார்கள் என்று அனஸ் (ரலி) அறிவிக்கிறார்கள். ஷாஃபிஈ கணக்கில் ஒரு ஸாஃ ஏறத்தாழ 2.75 லிட்டர், ஹனஃபி கணக்கில் கொஞ்சம் கூடும். குளியலறையில் இருக்கும் குவளையில் மூன்று அல்லது நான்கு முறை மொண்டால் முடிந்தது. எனக்கு அது போதாது என்று ஒருவர் சொன்னபோது, ‘உன்னைவிட முடி அதிகமும் உன்னைவிடச் சிறப்பும் உடையவருக்கு அது போதுமானதாக இருந்தது’ என்று ஜாபிர் (ரலி) அவர்கள் பதிலளித்தார்கள். தலையின் மேல் குழாயைத் திறந்துவிட்டு நின்று பழகிய நமக்குத்தான் ஒரு வாளி நீர் குறைவாகத் தெரிகிறது.

அத்தாட்சி தேடி:

இதில் நானும் உடன்படுகிறேன். கடமையா, சுன்னத்தா என்பதில் என் கருத்து மாறவில்லை. ஆனால் சகோதரரே, மூன்று லிட்டர் கிடைக்கும் வெள்ளிக்கிழமையில் லாரி வரவில்லை என்பது இரு தரப்பிலும் காரணமாகாது.

காயல் மைந்தன்:

ஆம், கிடைத்தால் விடக் கூடாது. ஜனாபத்தும் ஜும்ஆவும் ஒரே நாளில் வந்தால், சுபுஹு (அதிகாலைத் தொழுகை) நேரம் தொடங்கிய பிறகு இரண்டையும் நிய்யத்தில் சேர்த்து ஒரே முறை குளித்தால் இரண்டும் நிறைவேறும். ஜும்ஆவுக்குக் குளிக்க வழியே இல்லாதபோது அந்த நிய்யத்தில் தயம்மும் செய்துகொள்வதும் எங்களிடம் சுன்னத். சென்ற வெள்ளி தொழுத தொழுகையை நீங்கள் மீட்டத் தேவையில்லை. அதில் இங்கு எவருக்கும் மாற்றுக் கருத்து இல்லை.